பேராதனையில் பௌதிக விஞ்ஞானம்: விண்ணப்பம் முதல் பட்டத்துக்கு அப்பால் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

க.பொ.த. உயர்தரத்தில் இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் ஆகிய மூன்றையும் தமிழ்மொழி மூலம் கற்று, பொறியியல் பீடத்துக்கான வெட்டுப்புள்ளியைச் சிறிய வித்தியாசத்தில் தவறவிட்டவர்களில் பலர் வந்து சேரும் இடம் பௌதிக விஞ்ஞானக் கற்கைநெறி. அதனை முதல் விருப்பாகவே கேட்டு வருபவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் தொகை குறைவு. இந்த வழிகாட்டி இரு சாராருக்கும் உரியது. இலங்கையின் பெரிய அரச பல்கலைக்கழகங்களில் ஒன்றான பேராதனையை மையமாக வைத்து எழுதப்பட்டாலும், கொழும்பு, யாழ்ப்பாணம், களனி, ஸ்ரீ ஜயவர்தனபுர, ருகுணு, கிழக்கு, தென்கிழக்குப் பல்கலைக்கழகங்களில் இதே நெறியைப் பயில்வோருக்கும் இதன் பெரும்பகுதி பொருந்தும்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நீங்கள் மூன்று ஆண்டுப் பொதுப் பட்டத்துடன் வெளியேறுவீர்களா, நான்கு ஆண்டுச் சிறப்புப் பட்டம் பெறுவீர்களா, அதுவும் எந்தப் பாடத்தில் என்பதெல்லாம் பெரும்பாலும் முதல் இரு ஆண்டுகளின் பெறுபேறுகளைக் கொண்டே தீர்மானிக்கப்படுகின்றன. மொழி, ஊர், கற்பிக்கும் முறை ஆகிய மூன்றுமே புதியனவாக இருந்து மாணவரைத் தடுமாறச் செய்வதும் அதே ஆண்டுகள்தாம். ஆகவே இவ்வழிகாட்டியில் முதலாம் ஆண்டுக்கு மிகுந்த இடமும் ஏனையவற்றுக்குக் குறைந்த இடமும் தரப்பட்டுள்ளன.

முதற்படி: விருப்பு வரிசையை நிரப்புதல்

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஆண்டுதோறும் வெளியிடும் அனுமதிக் கைந்நூலை முழுமையாக வாசிக்காமல் விண்ணப்பத்தைத் தொட வேண்டாம். ஒவ்வொரு பாடத்திலும் நீங்கள் பெற்ற புள்ளி, அப்பாடத்தின் சராசரியிலிருந்து எத்தனை நியம விலகல் தூரத்தில் நிற்கிறது என்பதைக் கணித்து, மூன்று பாடங்களுக்கும் சராசரி கண்டதே இசட் புள்ளி. விஞ்ஞான நெறிகளில் 40 வீதமான இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட ஒதுக்கீட்டின்படியும், எஞ்சிய 5 வீதம் கல்வியில் பின்தங்கியவை என வகுக்கப்பட்ட மாவட்டங்களுக்கும் வழங்கப்படுகின்றன. யாழ்ப்பாணத்திலிருந்து விண்ணப்பிப்பவருக்கும் முல்லைத்தீவிலிருந்து விண்ணப்பிப்பவருக்கும் ஒரே நெறிக்கு வெவ்வேறு வெட்டுப்புள்ளி அமைவது இதனால்தான்.

விருப்பு வரிசை குறித்து ஊரில் பரவலாக உலவும் ஒரு தவறான ஆலோசனை உண்டு: “கிடைக்கக்கூடியதை மேலே போடு, இல்லாவிட்டால் இடம் போய்விடும்.” தெரிவு இசட் புள்ளியின்படி நடைபெறுகிறது, உங்கள் முறை வரும்போது உங்கள் பட்டியலில் மிக மேலே இருந்து, இடமும் உள்ள நெறியே தரப்படுகிறது. ஆகவே உண்மையில் விரும்புவதை மேலே இடுவதால் கீழே உள்ளதை இழக்க மாட்டீர்கள். பௌதிக விஞ்ஞானத்துக்கு அருகிலுள்ள நெறிகளையும் விட்டுவிடாதீர்கள். வவுனியா, ரஜரட்ட, சப்ரகமுவ, வயம்ப ஆகியவற்றிலுள்ள பிரயோக விஞ்ஞான நெறிகளும், பேராதனையின் புள்ளிவிபரவியல் சார்ந்த நெறியும் தனித்தனியே குறிப்பிடப்பட வேண்டியவை.

இரண்டாம் படி: பதிவு, தங்குமிடம், பணம்

கல்விக் கட்டணம் இல்லை. 1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி பல்கலைக்கழகம் வரை நீள்கிறது. ஆனால் விடுதிக்கு வெளியே தங்க நேர்ந்தால் வரும் வாடகை, உணவு, போக்குவரத்து, மடிகணினி ஆகியவற்றுக்குப் பணம் வேண்டும். 1981இல் தொடங்கப்பட்ட மகாபொல புலமைப்பரிசில் குடும்ப வருமானத்தையும் பெறுபேற்றையும் கருத்திற்கொண்டு வழங்கப்படுகிறது. மகாபொல கிடைக்காத குறைந்த வருமானக் குடும்பத்தினர் பர்சரி எனப்படும் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். இவற்றின் முதல் தவணை கைக்கு வரப் பல மாதங்கள் ஆகக்கூடும் என்பதால், முதல் அரையாண்டுச் செலவை வீட்டிலிருந்தே ஈடுகட்டத் திட்டமிடுங்கள். வருமானச் சான்றிதழை கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும் முன்கூட்டியே உறுதிப்படுத்தி, நான்கைந்து பிரதிகள் எடுத்து வைத்துக்கொள்வது பின்னர் ஒரு நாள் அலைச்சலை மிச்சப்படுத்தும்.

வடக்கிலிருந்து வருபவர்கள் புகையிரதத்தில் பொல்கஹவெல சென்று கண்டிப் பாதைக்கு மாறலாம். வளாகத்தின் அருகிலேயே சரசவி உயன நிலையம் இருக்கிறது. ஏ-9 வீதியால் பேருந்தில் கண்டிக்கு வந்து, அங்கிருந்து பேராதனைக்குச் செல்வோரே அதிகம். வளாகம் மகாவலியின் இரு கரைகளிலும் ஹந்தானை அடிவாரம் வரை விரிந்து கிடக்கிறது. விடுதிக்கும் விரிவுரை மண்டபத்துக்கும் இடையிலான நடை நீண்டது. மழையோ கேட்டுக்கொண்டு வருவதில்லை. யாழ்ப்பாணத்து வெயிலை மட்டுமே அறிந்தவர்கள் நல்ல குடை ஒன்றையும், செயன்முறைக் கொப்பி நனையாத ஒரு பையையும் முதல் வாரமே வாங்கிவிட வேண்டும்.

பகிடிவதையைப் பற்றி மழுப்பிப் பேசுவதில் பயனில்லை. 1997இல் பேராதனையில் தமிழ் மாணவர் ஒருவர் பகிடிவதையின் விளைவாக உயிரிழந்தார்; 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் அதன் பின்னர் வந்தது. அச்சட்டத்தின்படி பகிடிவதை குற்றவியல் தண்டனைக்குரியது. சிரேஷ்ட மாணவர்கள் எல்லாரும் அப்படிப்பட்டவர்கள் அல்லர். உங்கள் பாடசாலை அண்ணாமாரும் அக்காமாரும்தான் முதல் மாதத்தில் உங்களுக்கு மிகப் பெரிய துணை. ஆயினும் உடலையோ மானத்தையோ தொடும் எதையும் ‘பழகுவதற்காக’ என்று ஏற்க வேண்டியதில்லை. மாணவ ஆலோசகரிடமோ மானியங்கள் ஆணைக்குழுவின் முறைப்பாட்டு வழியிலோ எழுத்தில் முறையிடுங்கள். திகதி, நேரம், இடம் மூன்றையும் அன்றே குறித்து வையுங்கள்.

மூன்றாம் படி: பாடச் சேர்க்கை

பௌதிக விஞ்ஞான மாணவருக்குப் பேராதனையில் கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல், புள்ளிவிபரவியல், கணினி விஞ்ஞானம், புவிச்சரிதவியல் ஆகியவற்றிலிருந்து சேர்க்கைகள் அமைகின்றன. அனுமதிக்கப்பட்ட சேர்க்கைகள் ஆண்டுக்கு ஆண்டு மாறலாம் என்பதால், பீடத்தின் அவ்வாண்டுக் கைந்நூலையே நம்புங்கள்; சென்ற ஆண்டு மாணவர் சொன்னதை நம்ப வேண்டாம்.

பலர் கணினி விஞ்ஞானத்தை எடுத்துக்கொண்டு கணிதத்தைக் கைவிட நினைக்கிறார்கள். பௌதிகவியலில் சிறப்புப் பட்டம் பெறும் எண்ணம் சிறிதளவாவது இருந்தால் அப்படிச் செய்ய வேண்டாம். மூன்றாம் ஆண்டில் சக்திச்சொட்டுப் பொறிமுறை (குவாண்டம் பொறிமுறை) வரும்போது ஏகபரிமாண அட்சரகணிதமும் வகையீட்டுச் சமன்பாடுகளும் தெரிந்தவையாகவே கொள்ளப்படும். அங்கே எவரும் நின்று அவற்றைக் கற்பிக்க மாட்டார்கள். இரசாயனவியலில் பௌதிக இரசாயனப் பகுதிக்கும் இது ஓரளவு பொருந்தும். புவிச்சரிதவியல் பாடசாலையில் அறிமுகமாகாத பாடம் என்பதால் தமிழ் மாணவர் பெரும்பாலும் அதனைக் கவனிப்பதில்லை. கல், நீர், கனிமம் என்று வெளிக்களத்தில் அலைந்து வேலை செய்ய விரும்புபவருக்கு, என் கருத்தில், அது நெரிசல் குறைந்த நல்ல வழி.

நான்காம் படி: முதல் அரையாண்டைக் கடத்தல்

விரிவுரைகள் ஆங்கிலத்தில் நடைபெறும். பதின்மூன்று ஆண்டுகள் தமிழில் கற்றவருக்கு முதல் இடர் ஆங்கில இலக்கணம் அன்று, வேகம். விரிவுரையாளர் ஒரு தேற்றத்தைச் சொல்லி முடிப்பதற்குள், அதிலுள்ள இரண்டு சொற்களைத் தமிழில் எதனோடு பொருத்துவது என்று தேடிக்கொண்டிருந்தால் மூன்றாவது வரி போய்விடும். இதற்கு நடைமுறையில் பயன்தரும் வழி ஒன்று: ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு சிறு கொப்பியில், நாளைய விரிவுரைத் தலைப்புக்குரிய ஆங்கிலக் கலைச்சொற்களை முதல்நாள் இரவே பாடநூலிலிருந்து எடுத்து, அவற்றுக்கு எதிரே உயர்தரத்தில் நீங்கள் படித்த சொல்லை எழுதுங்கள். ஆர்முடுகல், உந்தம், தாயம், காவி, அவத்தை என்று நன்கு அறிந்த கருத்துகளே புதிய பெயரில் வருகின்றன என்பது தெரிந்துவிட்டால் அச்சத்தில் பாதி கழன்றுவிடும். தொடக்கத்தில் நடத்தப்படும் ஆங்கிலப் பயிற்சி வகுப்புகளைப் பலர் ஓய்வு நேரமாகக் கருதித் தவிர்க்கிறார்கள்; அவர்களே பின்னர் ஆய்வறிக்கை எழுதும்போது திணறுகிறார்கள்.

இரண்டாவது இடர் கணிதத்தில் இருக்கிறது. உயர்தர இணைந்த கணிதத்தில் விடை காண்பதே வேலை. இங்கே நிறுவுவதே வேலை. எக்ஸ் 2ஐ அணுகும்போது எக்ஸ் வர்க்கம் 4ஐ அணுகும் என்பதைப் பாடசாலையில் ஒரே வரியில் எழுதிவிட்டுச் சென்றிருப்பீர்கள். மெய்ப்பகுப்பியல் விரிவுரையாளர் கேட்பது வேறு: எப்சிலன் எவ்வளவு சிறிதாகத் தரப்பட்டாலும், அதற்கேற்ற டெல்டா ஒன்றை எடுத்துக் காட்டுங்கள் என்கிறார். எக்ஸ் வர்க்கம் கழித்தல் 4 என்பதை எக்ஸ் கழித்தல் 2, எக்ஸ் கூட்டல் 2 எனக் காரணிப்படுத்த வேண்டும். எக்ஸுக்கும் 2க்கும் இடையிலான தூரம் 1ஐவிடக் குறைவு என வரையறுத்தால் இரண்டாவது காரணி 5ஐவிடக் குறைவாகவே இருக்கும். ஆகவே 1, எப்சிலனின் ஐந்திலொன்று ஆகிய இரண்டில் சிறியதை டெல்டாவாக எடுத்தால் போதும். இந்த நான்கு வரிகளையும் மனனம் செய்பவர், பரீட்சையில் வர்க்கத்துக்குப் பதிலாகக் கனம் வந்தால் விழிப்பார். ஏன் முதலில் 1 என வரையறுத்தோம் என்று தன்னையே கேட்டுப் பதில் கண்டவர் எதையும் செய்வார். வாரத்துக்கு ஒரு நிறுவலையாவது கொப்பியை மூடிவிட்டு வெற்றுத்தாளில் எழுதிப் பார்ப்பது, பத்து முறை வாசிப்பதைவிட மேலானது.

குப்பி வகுப்பு இலங்கைப் பல்கலைக்கழகங்களின் தனிச்சொத்து. பாடம் விளங்கிய மாணவர் ஒருவர் பரீட்சைக்கு முன்னர் ஏனையோரை இருத்தி, தமிழிலோ சிங்களத்திலோ விளக்குவார். தவறவிட வேண்டாம், ஆனால் கேட்பவராக மட்டும் இருந்துவிடவும் வேண்டாம். உங்களுக்கு நன்கு தெரிந்த ஒரு சிறு பகுதியை நீங்களே குப்பி எடுக்க முன்வாருங்கள். சிங்கள மாணவர்களுடன் சேர்ந்து படிக்கும்போது இருவருக்கும் பொதுவான மொழி ஆங்கிலமாகிவிடுவதால், கட்டணமில்லாத பேச்சுப் பயிற்சியும் கிடைக்கிறது.

நேரத்தை எவ்வளவு ஒதுக்குவது என்பதற்குக் கணக்கு உண்டு. இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி ஒரு கிரெடிட் 50 மணிநேரக் கற்றலைக் குறிக்கும். இதில் விரிவுரை, செயன்முறை, சொந்தப் படிப்பு எல்லாம் அடங்கும். 120 கிரெடிட்டுகளை எட்டு அரையாண்டுகளில் முடிப்பதானால் அரையாண்டுக்கு 15. அதாவது 15 வாரங்களுக்கு 750 மணிநேரம், வாரத்துக்கு 50 மணிநேரம். விரிவுரைக்குப் போய்வந்தாலே படித்துவிட்டதாக எண்ணுபவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை பார்க்க வேண்டும்.

ஐந்தாம் படி: ஆய்வுகூடத்தில் மதிப்பு எங்கே இருக்கிறது

வடக்கிலும் கிழக்கிலும் பல பாடசாலைகளில் செயன்முறை என்பது வினாத்தாளுக்காகப் படித்த ஒன்றாகவே இருந்திருக்கும். அளவியை (பியூரெட்) கையால் திருகாமலே நியமிப்புக் கணக்கில் முழுப்புள்ளி எடுத்தவர்கள் பலர். இதற்காக வெட்கப்பட ஒன்றுமில்லை. முதல் மூன்று வாரங்களில் கையைப் பழக்கிவிடலாம்.

பௌதிகவியல் ஆய்வுகூடத்தில் புள்ளிகள் விடையைவிட வழுக்கணிப்பிலேயே அதிகம் தங்கியிருக்கின்றன. எளிய ஊசலால் புவியீர்ப்பு ஆர்முடுகலைக் காண்பதை எடுத்துக்கொள்ளுங்கள். நீளம் 1 மீற்றர், அதில் வழு 1 மில்லிமீற்றர்; அதாவது 0.1 வீதம். 20 அலைவுகளுக்கு 40.2 செக்கன் எடுக்கிறது; நிறுத்தற் கடிகாரத்தை அழுத்துவதில் 0.2 செக்கன் வழு இருக்குமானால் அது 0.5 வீதம். சூத்திரத்தில் அலைவுகாலம் வர்க்கத்தில் வருவதால் அவ்வழு இரட்டித்து 1 வீதமாகிறது. இப்போது நீளத்தை இன்னும் நுணுக்கமாக அளக்க முயல்வது வீண் வேலை என்பது தெளிவு. 20க்குப் பதிலாக 50 அலைவுகளுக்கு நேரம் எடுத்தால் 100.5 செக்கனில் அதே 0.2 செக்கன் வழு, இரட்டித்த பின்னரும் 0.4 வீதமாகக் குறைந்துவிடும். எந்த அளவீடு விடையைக் கெடுக்கிறது, அதனை எப்படித் திருத்துவது என்று அறிக்கையில் இரண்டு வாக்கியங்கள் எழுதுபவருக்கும், ‘மனித வழு இருந்திருக்கலாம்’ என்று எழுதி முடிப்பவருக்கும் உள்ள தூரத்தைத் திருத்துபவர் உடனே காண்பார்.

இரசாயனவியலில் பொட்டாசியம் பரமங்கனேற்றுக் கரைசலை ஒட்சாலிக்கமிலத்துடன் நியமிக்கும்போது, கரைசலைச் சல்பூரிக்கமிலத்துடன் 60 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடாக்க வேண்டும். முதல் துளிகளின் ஊதா நிறம் மெதுவாகவே மறையும். தாக்கத்தில் உண்டாகும் மங்கனீசு அயனே ஊக்கியாகிப் பின்னர் அதனை விரைவாக்கும். தொடக்கத்திலேயே அவசரப்பட்டு அளவியைத் திறந்துவிட்டால் பரிசோதனை கெட்டுவிடும். கரைசல் கடும் நிறமுடையதாதலால் பிறையுருவின் அடி தெரியாது. மேல் விளிம்பையே தொடக்கத்திலும் முடிவிலும் வாசிக்க வேண்டும். இவை எல்லாம் கையேட்டில் ஒரு வரியில் இருக்கும், அல்லது இருக்காது. ஆய்வுகூட உதவியாளர்கள் பல ஆண்டு அனுபவமுள்ளவர்கள். அவர்களை மரியாதையுடன் கேட்டால் சொல்வார்கள்.

வாசிப்புகளை நேரே செயன்முறைக் கொப்பியில் பேனாவால் எழுதுங்கள். துண்டுத்தாளில் குறித்துவிட்டு விடுதிக்குப் போய் அழகாகப் பிரதி செய்வதும், நண்பரின் தரவைச் சற்று மாற்றி எழுதுவதும் எளிதாகவே கண்டுபிடிக்கப்படுகின்றன.

ஆறாம் படி: பெறுபேற்றுக் கணக்கு

ஏ 4.0, பி 3.0, சி 2.0 என நிலைகளுக்குப் பெறுமதி தரப்பட்டு, கிரெடிட்டுகளால் நிறையிட்டுச் சராசரி காணப்படுகிறது. பொதுவாக 3.70க்கு மேல் முதலாம் வகுப்பு, 3.30க்கு மேல் இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு, 3.00க்கு மேல் இரண்டாம் வகுப்புக் கீழ்ப்பிரிவு. இதனை அறியாத மாணவர் இல்லை. ஆனால் முதலாம் ஆண்டிலேயே கணக்கிட்டுப் பார்ப்பவர் சிலரே.

எல்லா ஆண்டுகளும் சம நிறையில் கணிக்கப்படும் முறையில், 30 கிரெடிட் கொண்ட முதலாம் ஆண்டில் ஒருவர் 2.60 பெற்றார் என்று கொள்வோம். 120 கிரெடிட் முடிவில் 3.30ஐ அடைய, எஞ்சிய 90 கிரெடிட்டுகளிலும் அவர் சராசரியாக 3.53 எடுக்க வேண்டும். கடினம், ஆனால் முடியும். முதலாம் வகுப்புக்கோ 4.07 வேண்டும், உச்சமே 4.0 என்பதால் அந்தக் கதவு முதலாம் ஆண்டோடு மூடிவிட்டது. எல்லை 2.80. முதலாம் ஆண்டில் பழகிக்கொண்டு பின்னர் பிடித்துவிடலாம் என்று கூறும் சிரேஷ்டரிடம் இந்த எண்ணைக் காட்டுங்கள்.

மீள எழுதும் பரீட்சையில் எவ்வளவு சிறப்பாகச் செய்தாலும் பொதுவாக சி நிலையே உச்சம். நோயுற்றிருந்தால் பரீட்சையை அரைகுறையாக எழுதிவிட்டு வருவதைவிட, உரிய காலத்துக்குள் பல்கலைக்கழக மருத்துவ அதிகாரியின் வழியாக மெடிக்கல் எனப்படும் மருத்துவச் சான்றிதழைச் சமர்ப்பித்து அடுத்த முறை முதல் தோற்றமாக எழுதுவதே அறிவுடைமை. வரவு 80 வீதத்துக்குக் குறைந்தால் பரீட்சை மண்டபத்துக்குள் விடமாட்டார்கள் என்ற விதியும் வெறும் பயமுறுத்தல் அன்று. கடந்தகால வினாத்தாள்களைச் செய்துபாருங்கள். ஆனால் விரிவுரையாளர் மாறிய ஆண்டில் வினாத்தாளின் போக்கும் மாறும்.

ஏழாம் படி: சிறப்புப் பட்டமும் ஆய்வும்

இரண்டாம் ஆண்டின் முடிவில் சிறப்புப் பட்டத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். இடங்கள் மட்டுப்படுத்தப்பட்டவை, துறை கோரும் குறித்த அலகுகளில் குறித்த நிலை வேண்டும். ஆசிரியத் தொழிலையோ நிர்வாக சேவைப் பரீட்சையையோ நோக்குபவருக்கு மூன்று ஆண்டுப் பொதுப் பட்டமே போதும்; ஓராண்டு முன்னரே தொழிலுக்குப் போகலாம் என்பதும் ஏழைக் குடும்பத்துக்குச் சிறிய விடயம் அன்று. ஆராய்ச்சியையோ வெளிநாட்டு முனைவர் பட்டத்தையோ நோக்குபவருக்குச் சிறப்புப் பட்டம் இன்றியமையாதது.

இறுதியாண்டு ஆய்வுக்குத் தலைப்பைவிட மேற்பார்வையாளரையே பார்த்துத் தெரிவு செய்யுங்கள். அவர் வாரத்துக்கு ஒருமுறையாவது மாணவரைச் சந்திக்கிறாரா, அவருடைய உபகரணம் வேலை செய்கிறதா, முந்திய மாணவர்கள் நேரத்துக்கு முடித்தார்களா என்று கேட்டறியுங்கள். கண்டி ஹந்தானையிலுள்ள அடிப்படைக் கற்கைகளுக்கான தேசிய நிறுவனம் அருகிலேயே இருப்பது பேராதனை மாணவருக்குள்ள வாய்ப்பு. பட்டத்தின் பின்னர் ஆராய்ச்சி உதவியாளராக அங்கே சேர்ந்தவர்கள் பலர். துறையிலேயே தற்காலிக உதவி விரிவுரையாளராகப் பணியாற்றும் வாய்ப்பும் சிறப்பாகச் சித்தியடைந்தோருக்கு உண்டு.

எட்டாம் படி: வெளிநாட்டு மேற்படிப்புக்கு விண்ணப்பித்தல்

யாழ்ப்பாணம் கேம்பிரிட்ஜுக்கு எட்டாத் தொலைவில் இல்லை என்பதை இலங்கைப் பல்கலைக்கழகத்தின் கணிதப் பேராசிரியராக இருந்த சி. ஜே. எலியேசர் எப்போதோ காட்டிவிட்டார். சக்திச்சொட்டுப் பொறிமுறையின் முன்னோடிகளில் ஒருவரான போல் டிராக் என்ற பௌதிகவியலாளருடன் கேம்பிரிட்ஜில் பணியாற்றியவர் அவர். இன்று அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் இரசாயனவியல், பௌதிகவியல் துறைகள் நான்காண்டுப் பட்டதாரிகளை நேரடியாக முனைவர் பட்டத்துக்கு எடுக்கின்றன. கற்பித்தல் உதவியாளராகப் பணிபுரிவதற்கு ஈடாகக் கல்விக் கட்டண விலக்கும் மாத உதவித்தொகையும் கிடைக்கும். ஆகவே ‘பணம் இல்லை’ என்பது விண்ணப்பிக்காமல் இருப்பதற்குக் காரணம் ஆகாது. செலவாவது ஆங்கிலத் தேர்வுக்கும் விண்ணப்பக் கட்டணத்துக்கும்தான். கட்டண விலக்குக் கோரித் துறைக்கு மின்னஞ்சல் எழுதினால் சில இடங்களில் அதுவும் கிடைக்கும்.

விண்ணப்ப முடிவுத் திகதிகள் பெரும்பாலும் டிசம்பரிலும் ஜனவரியிலும் வருகின்றன. உதவித்தொகையுடன் வரும் அழைப்புகளுக்குப் பதில் தெரிவிக்கப் பொதுவாக ஏப்ரல் 15 வரை அவகாசம் உண்டு. இதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டால், ஆங்கிலத் தேர்வை ஓகஸ்ட், செப்டெம்பரிலேயே எழுதிவிட வேண்டும். பெறுபேற்றுப் பத்திரம் பதிவாளர் அலுவலகத்திலிருந்து வரக் காலமெடுக்கும். முதலில் அதற்கு விண்ணப்பியுங்கள்.

பரிந்துரைக் கடிதங்கள் மூன்று வேண்டும். இதில்தான் நம் மாணவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். நான்கு ஆண்டுகளும் கடைசி வரிசையில் அமைதியாக இருந்துவிட்டு, இறுதியில் பெயரே அறியாத பேராசிரியரிடம் கடிதம் கேட்கிறார்கள். அவரும் நல்ல மனத்துடன் ‘இவர் ஒழுக்கமான மாணவர்’ என்று எழுதித் தருவார். அக்கடிதத்தால் பயன் ஏதுமில்லை. மூன்றாம் ஆண்டிலிருந்தே இரண்டு விரிவுரையாளர்களிடமாவது விரிவுரை முடிந்ததும் பாடத்தைப் பற்றிய கேள்விகளுடன் செல்லுங்கள். கடிதம் கேட்கும்போது ஒரு மாத அவகாசம் கொடுத்து, உங்கள் தற்குறிப்பு, பெறுபேற்றுப் பத்திரப் பிரதி, ஆய்வின் ஒரு பக்கச் சுருக்கம், விண்ணப்பிக்கும் பல்கலைக்கழகங்களின் பட்டியல், ஒவ்வொன்றின் முடிவுத் திகதி ஆகியவற்றை ஒரே மின்னஞ்சலில் அனுப்புங்கள். திகதிக்கு ஒரு வாரம் முன்னர் பணிவான ஒரு நினைவூட்டலும் அனுப்பலாம், எந்தப் பேராசிரியரும் அதற்காகக் கோபிப்பதில்லை.